நாட்ரிக்ஸ் என்னும் பழம்பிழை

"பெயரை மாற்றுவதே வகைப்பாட்டியலாரின் பிழைப்பு" என ஏளனம் செய்யும் பேராசிரியர்களுக்கு, விவேக் நகர் மழைநீர்க் கால்வாயில் நான் கண்ட நீர்க்கோலியின் சார்பில் ஒரு மறுப்பு.

ஐரோப்பா, இந்தியா, வட அமெரிக்கா ஆகியவற்றின் நச்சற்ற நீர்ப்பாம்புகள் முன்பு நாட்ரிக்ஸ் என்ற ஒரே பேரினத்தில் அடைக்கப்பட்டிருந்தன. தோற்ற ஒப்புமையே உறவாகக் கொள்ளப்பட்டது. நம் நீர்க்கோலியோ முட்டையிடுவது. அமெரிக்கப் பாம்புகள் குட்டி ஈனுபவை. அவற்றின் நெருங்கிய சுற்றம் அக்கண்டத்துக் கார்ட்டர் பாம்புகளே. 1977இல் ராஸ்மனும் எபர்லேயும் அப்பேரினத்தைப் பிரித்தனர். அமெரிக்க நீர்ப்பாம்புகள் நெரோடியா ஆயின. செனோக்ரோஃபிஸ் எனப்பட்ட நீர்க்கோலி, 2018 ஆய்வுக்குப் பின் ஃபௌலியா பிஸ்கேட்டர் ஆனது.

இது பெயர் விளையாட்டன்று. பரவல் வரலாற்றின் பிழைதிருத்தம். நாட்ரிக்ஸ் பிஸ்கேட்டர் என்றே இன்றும் கற்பிப்பவர், இல்லாத உறவொன்றைக் கற்பிக்கிறார். மாணவர்களே, பாடக்குறிப்பில் அப்பெயரைக் கண்டால் வாளாவிராதீர், வினவுங்கள்.