பேசாத உள்ளான்

மார்கழிப் பனி விலகாத காலைப்பொழுதில், உத்திரமேரூர் ஏரியின் கரையோரச் சேற்றிலே, ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் வாலை ஆட்டி ஆட்டி ஓடுவதும் நின்று அலகால் குத்துவதுமாக இருக்கும் உள்ளானை அரைமணி நேரமேனும் நின்று கவனித்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. கலிபோர்னியாவில் பிக்ஸார் நிறுவனத்தின் சித்திரக்காரரான ஆலன் பாரில்லாரோ, அலை வரும்போது ஓடி, வடியும்போது திரும்பிவரும் உள்ளான் கூட்டத்தை அவ்வாறு கவனித்ததன் பலனாகவே, 2016-இல் 'பைப்பர்' என்னும் ஆறு நிமிஷப் பொம்மைப்படம் பிறந்தது. மறு ஆண்டு அதற்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

தாய் ஊட்டுமென்று வாய் பிளந்து நிற்கும் குஞ்சொன்று, தாய் ஊட்டாமல் ஈரமணலுக்கு அழைத்துச் செல்ல, சென்ற முதல் தடவையே அலையில் அகப்பட்டு நனைந்து நடுங்கி, அதன்பின் கூட்டை விட்டு வர மறுத்துப் பசியோடு கிடந்து, பின்னர் சங்குக்குள் வாழும் குட்டி நண்டு அலை வருகையில் மணலுக்குள் புதைந்துகொள்வதைக் கண்டு தானும் புதைந்து, நீரினுள்ளே மெல்லக் கண்திறந்து, அங்கே சிப்பிகள் நிறைந்து கிடக்கும் அற்புதத்தைக் காண்கிறது. இவ்வளவே கதை. ஒரு வார்த்தை கிடையாது.

அந்த மௌனமே இப்படத்தின் ஜீவன் என்பது என் திடமான அபிப்பிராயம். பஞ்சதந்திரத்து நரியும் காகமும், 1957-இல் நம் அரசாங்கத் திரைப்படப் பிரிவு ஜாதகக் கதையினின்று சித்திரமாக்கிய ஆலமரத்து மானும், மனிதனுக்குரிய தர்மத்தைச் சுமந்து வருபவை. அவை நம் செல்வங்களே. ஆயினும் 'பைப்பர்' காட்டும் குஞ்சுக்கு அத்தகைய பாரம் எதுவுமில்லை. அதன் பயம் நனைந்து ஒட்டிய இறகிலும், அதன் சந்தோஷம் மணலைச் சிதறடித்து ஓடும் கால்களிலும் தெரிகின்றன. பறவை பறவையாகவே இருக்கிறது. தமிழ்க்குரல் கொடுத்து வரும் பொம்மைப்படங்களிலோ கரடியும் குரங்கும் ஓயாமல் பேசுகின்றன. பார்க்கும் குழந்தைக்குத் தானே ஊகித்தறிய ஒன்றும் மிஞ்சுவதில்லை.

மிருகங்களின் பாஷையற்ற பாஷை நம் பிரதேசத்தாருக்குப் புதிதன்று. அருகிலுள்ள வேடந்தாங்கல் கிராமத்தார், பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அறிந்து, 1798-லேயே கம்பெனி அதிகாரியிடம் அவற்றைக் காக்கும் உத்தரவு பெற்றவர்கள். நாரையும் கூழைக்கடாவும் அவர்களிடம் வாய்திறந்து எதையும் கேட்டதில்லை.

அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் படம் திரையிடும் நல்ல ஏற்பாடு 2022-இல் தொடங்கிற்று. நம் வட்டாரத்து ஆசிரியப் பெருமக்களுக்கு என் விண்ணப்பம் இதுதான்: 'பைப்பர்' படத்தை ஒருமுறை திரையிடுங்கள், ஓடும்போது யாதொரு விளக்கமும் சொல்லாதீர்கள், நீதி என்னவென்று முடிவிலும் கேட்காதீர்கள். தை மாதம் கழிவதற்குள் ஒருநாள் விடியற்காலையில் அக்குழந்தைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். உள்ளான் அங்கே இருக்கும்.