மண்ணெண்ணெய் விலையும் கூலிக்குக் கடலுக்குப் போகிறவரும்



எரிபொருள் விலை என்றதும் நமது பேச்சு பெற்றோலோடு நின்றுவிடுகிறது. ஆனால் கரையோரப் பங்குகளில் அடுப்பு எரிவது வேறு இரண்டு எண்ணெய்களால்தான். சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தில் மசகு எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது, பெற்றோலுக்குக் கீழே மண்ணெண்ணெயும் அதற்குக் கீழே டீசலும் பிரிந்து வருகின்றன. டீசலில் பேருந்தும் உழவு இயந்திரமும் பலநாட் கலங்களும் ஓடுகின்றன. நமது சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களுக்கு மண்ணெண்ணெய் வேண்டும். அதே வடிப்பை இன்னும் துப்புரவாக்கினால் ஆகாய விமானத்துக்கு எரிபொருள் ஆகிவிடும்!

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தை யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஜாம் போத்தல் விளக்கும் மண்ணெண்ணெய்தான், பெற்றோல் சில துளி விட்டுக் கிளப்பிய மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெய்தான்.

2022இல் வந்தது வேறு விதமான சோதனை. 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல், 2022 ஜூனில் 460 ரூபா ஆனது. மண்ணெண்ணெய் 87 ரூபாவிலேயே நின்றது. ஆனால் வாங்கக் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 21 நள்ளிரவு அது ஒரே தடவையில் 340 ரூபா ஆக்கப்பட்டது. ஒருமுறை கடலுக்குப் போய்வர 20 லீற்றர் என்று வைத்துக்கொண்டால், 1,740 ரூபாச் செலவு 6,800 ரூபா ஆயிற்று.

அரசு சொன்ன காரணத்தில் நியாயம் இல்லாமலில்லை. இரண்டு எண்ணெய்களுக்கும் இடையே அவ்வளவு விலை வித்தியாசம் இருந்தால் டீசலில் மண்ணெண்ணெய் கலப்பவர்களுக்குத்தான் கொண்டாட்டம். நட்டத்தையோ நாடே சுமக்க வேண்டும். ஆயினும் மானியம் ஒரே இரவில் போயிற்று. ஏழைக்கான நிவாரணம் பிறகு வரும் என்றார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பதே என் எண்ணம்.

இத்தகைய எரிபொருள்களின் பயன்பாட்டைக் குறைத்து வரவேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தமது சுற்றுமடலில் கேட்டார். அதைக் காட்டி, விலை ஏறுவது நல்லதே என்பாரும் உண்டு. அதே மடல் ஏழைகளின் குரலையும் கேட்கச் சொல்கிறது. கார் வைத்திருப்பவர் பேருந்தில் போகலாம். பேசாலையிலோ குருநகரிலோ படகு வைத்திருப்பவர் எதில் போவார்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மீன் விற்ற பணத்தில் முதலில் எண்ணெய்ச் செலவைக் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிப்பது வழக்கம். ஆகவே விலை ஏறும்போது, சொந்தமாகப் படகு இல்லாமல் கூலிக்குப் போகிறவரின் கையிலும் காசு குறைகிறது. படகுப் பதிவேட்டைப் பார்த்து நிவாரணம் கொடுத்தால் அது சம்மாட்டியைச் சேரும். கூலிக்காரரின் பெயர் அந்தப் பதிவேட்டில் இல்லை. நமது பங்குகளிலுள்ள கடற்றொழிலாளர் சங்கங்கள் அவர்களுக்கென ஒரு பட்டியலை இப்போதே எழுதி வைக்கலாம். அடுத்த விலையேற்றம் வரும்போது அதிகாரிகளிடம் கொடுக்கக் கையில் ஒரு தாளாவது இருக்கும்.