கண் உரைக்காததை மின்துடிப்பு உரைக்கும்



ஓசூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரிவோர் பலர், ஆண்டு மருத்துவச் சோதனையில் சுவரிலுள்ள எழுத்துகளைக் கடைசி வரிவரை வாசித்துவிட்டு, "கண்ணில் குறையில்லை" என்று மனநிறைவோடு வீடு திரும்புகின்றனர். கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் இந்த மனநிறைவிலேதான் ஒளிந்து வளர்கிறது. அது பெரும்பாலும் ஓரப் பார்வையை முதலில் அரிக்கும்; எழுத்தை வாசிக்கும் நேர்ப் பார்வையை இறுதியிலேதான் தொடும். ஒரு கண்ணின் குறையை மறு கண் ஈடுசெய்வதால் நோயாளி எதையும் உணர்வதில்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் தென் தமிழகத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேரைச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதனை அதுவரை அறிந்திருக்கவில்லை.

நாம் காணும் காட்சி, விழித்திரையில் மின்துடிப்பாக மாறியே மூளையைச் சேர்கிறது. விழித்திரையின் மின்துடிப்பை 1865-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஹோல்ம்கிரேன் கண்டறிந்தார். இதயத்துக்கு இ.சி.ஜி. எடுப்பதுபோல் இன்று கண்ணுக்கும் எடுக்கின்றனர். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறித் தோன்றும் திரையை நோயாளி நோக்கியிருப்பார். இமையோரம் வைத்த மெல்லிய கம்பி நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்யும். பின்தலையில் வைத்தால், மூளையை எட்டும் செய்தியையும் அளக்கலாம். ஊசியில்லை, வலியுமில்லை.

இதன் பயன் யாது? நரம்பணு மடிவதற்கு முன் சோர்ந்து கிடக்கும் காலம் ஒன்றுண்டு. அச்சோர்வை இச்சோதனை காட்டக்கூடும். கண் அழுத்தத்தைக் குறைத்தபின் சிலருக்குத் துடிப்பு ஓரளவு மீண்டதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மடிந்த அணுவோ மீள்வதில்லை.

எனினும் இச்சோதனை எல்லா ஊர்களிலும் கிடைப்பதன்று. இதனை மட்டும் கொண்டு நோயை முடிவு செய்தலும் இயலாது. கண் அழுத்தத்தை அளத்தல், பார்வை நரம்பைக் காணுதல், பார்வைப் பரப்பைச் சோதித்தல் ஆகிய மூன்றுமே அடிப்படை. ஐயம் எஞ்சினால் மருத்துவர் மின்சோதனையின் துணையை நாடலாம்.

ஆகவே 40 வயதைக் கடந்தோரும், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் உள்ளோரும் கண் மருத்துவரிடம் சென்று, "கண் அழுத்தத்தையும் நரம்பையும் பாருங்கள்" என்று கேளுங்கள். பட்டறையில் தூசு விழுந்து கண் சிவந்தால், மருந்துக் கடையில் தாமாகச் சொட்டு மருந்து வாங்கி நாள்தோறும் விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கண் அழுத்தத்தை உயர்த்தவல்லது.

அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து இரவுப் பணிக்கு வண்டியோட்டிச் செல்லும் தந்தைக்குப் பக்கவாட்டில் வரும் லாரியைக் காட்டுவது ஓரப் பார்வையே. அவர் வீடு திரும்பக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காகவேனும் இச்சோதனையைத் தள்ளிப்போடாதிருப்போமாக.