கைபடாத தட்டு

சிறு லேபிள்கள் வெளியிடும் இசைத்தட்டுகளின் உறையில் கையால் எழுதிய எண்ணைப் பார்த்திருப்பீர்கள். 300இல் 47. 100இல் 9. அந்த எண்ணுக்கும் உள்ளே இருக்கும் இசைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வாங்குபவரிடம் அது சொல்வது ஒன்றைத்தான்: உன்னிடம் இருப்பது மற்றவளிடம் இல்லை. சந்தைக்கு எதிரானது, மாற்று இசை, நிலத்தடி இசை என்றெல்லாம் தன்னை அழைத்துக்கொள்ளும் ஓர் உலகம் தன் பெருமிதத்தைப் பிறருடைய இன்மையில் வைத்திருக்கிறது. இதை ரசனை என்று இனியும் மரியாதையாகச் சொல்ல வேண்டியதில்லை. இது உடைமை வெறி. அதன் மொழியைப் பெண்களாகிய நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

சேகரிப்பாளர்கள் தட்டுகளைத் தரம் பிரிக்கும் சொற்களைக் கவனியுங்கள். உச்சத் தரத்தின் பெயர் ‘மிண்ட்’. பழுதில்லாதது, ஊசி படாதது. உறைமேல் சுற்றிய பிளாஸ்டிக்கூடக் கிழியாமல் இருந்தால் ‘சீல்டு’. விலை இன்னும் ஏறும். கேட்கக் கேட்கத் தரம் படிப்படியாக இறங்கும். ஒலிப்பதற்காகச் செய்யப்பட்ட பொருளுக்கு ஒலிக்காமல் இருந்தால்தான் மதிப்பு. கைபடாததற்கு ஒரு விலை, கைபட்டதற்கு ஒரு விலை, பல கை பட்டதற்கு இன்னொரு விலை என்ற இந்தக் கணக்கை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? நம் உடல்களின் மீது தலைமுறை தலைமுறையாகப் போடப்பட்ட கணக்கு இதுதான். ஒரு பெண்ணின் குரல் பதிந்த தட்டை வாங்கி, அந்தக் குரலை வெளியே விடாமல் அலமாரியில் பூட்டி, அதனாலேயே அது உயர்ந்தது என்று சொல்பவரிடம், நீங்கள் என்ன சேகரிக்கிறீர்கள் ஐயா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். சிறு லேபிளால் நிறைய அடிக்க முடியாது, பணமில்லை என்பார்கள். உண்மைதான். வினைல் தட்டு செய்ய, அரக்குப் பூசிய தகட்டில் முதலில் ஒலியை வெட்ட வேண்டும். அதிலிருந்து உலோக அச்சு எடுக்க வேண்டும். 100 தட்டு அழுத்தினாலும் 500 தட்டு அழுத்தினாலும் இந்தத் தொடக்கச் செலவு ஒன்றுதான். குறைவாகப் போடுகிறவருக்கு ஒவ்வொரு தட்டின் அடக்கவிலையும் கூடும். கவிதைத் தொகுப்பை 300 படிகள் அச்சிட்டு, அதையும் விற்று முடிக்கப் பதிப்பாளர் படும் பாட்டை அருகிலிருந்து பார்ப்பவள் நான். குறைவாகப் போடுவதை நான் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால், காசில்லாமல் 300இல் நிற்பது வேறு. இன்னும் பலர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தே 300இல் நிறுத்தி, இனி ஒருபோதும் அடிக்க மாட்டோம் என்பதையே விளம்பரமாக்குவது வேறு. முன்னது வறுமை. பின்னது வறுமை வேடம் கட்டிய வணிகம்.

இந்த மரபைத் தொடங்கியவர்கள் செய்தது இதற்கு நேர்மாறானது. 1977 ஜனவரியில் இங்கிலாந்தின் பஸ்காக்ஸ் குழு கடன் வாங்கி, தன் சொந்த லேபிளில் ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ தட்டை 1000 படிகள் வெளியிட்டது. அவை தீர்ந்ததும் மேலும் மேலும் அழுத்தினார்கள். விற்பனை 16,000 வரை போனது. 1978இல் ஸ்க்ரிட்டி பொலிட்டி குழு தன் முதல் தட்டின் உறையிலேயே தயாரிப்புச் செலவுக் கணக்கை அச்சிட்டது. நீங்களும் செய்யலாம் என்பதே அதன் செய்தி. க்ராஸ் குழு தன் உறைகளில் ‘இதற்கு மேல் விலை கொடுக்காதீர்கள்’ என்று போட்டது. 1981இல் அதே குழு வெளியிட்ட ‘பீனிஸ் என்வி’ ஆல்பத்தில் பாடியவர்கள் பெண்கள் மட்டுமே. திருமணத்தை எள்ளி நகையாடும் அதன் ஒரு பாடலை, காதல் கதைகள் வெளியிடும் ‘லவ்விங்’ என்ற இதழின் வாசகிகளுக்கு இலவசத் தட்டாகக் கிடைக்கச் செய்தார்கள், எள்ளல் என்று சொல்லாமலேயே. நிலத்தடி இசை அன்று யார் காதுக்குப் போய்ச்சேர ஆசைப்பட்டது பாருங்கள்! கல்யாணக் கனவு விற்கப்பட்ட பெண்களின் காதுக்கு. இன்று எண்ணிட்ட தட்டு ஆசைப்படுவது ஏலக்காரரின் காதுக்கு.

பெண்களின் இசை அரிதாவது எப்படி என்பதற்கு ‘தி ரெயின்கோட்ஸ்’ குழுவின் கதையைவிடத் தெளிவான சான்று வேண்டாம். லண்டனின் ஹார்ன்ஸி கலைக் கல்லூரியில் படித்த ஆனா ட சில்வாவும் ஜீனா பர்ச்சும் 1977இல் தொடங்கிய குழு. 1979இல் ரஃப் டிரேட் என்ற சுயாதீன லேபிள் வழியாக முதல் ஆல்பம் வந்தபோது நால்வரும் பெண்கள். 1984இல் குழு கலைந்தது. 1991இல் ரஃப் டிரேட்டின் விநியோக அமைப்பு நொடித்துப்போனது. தட்டு கிடைக்காமல் போயிற்று. யாரும் அதை ‘லிமிடெட் எடிஷன்’ என்று திட்டமிடவில்லை. கைவிடப்பட்டதால் அரிதானது.

1992இல் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் அந்தத் தட்டைத் தேடி லண்டனில் ரஃப் டிரேட் கடைக்குப் போனார். கடையில் இருந்த பெண் ஒருத்தி, ஆனா வேலை செய்யும் பழம்பொருள் கடைக்கு வழி வரைந்து கொடுத்தார். அந்த இசையைப் படைத்தவர், அந்த இசையைத் தேடி ஒருவர் வந்த நாளில், பழம்பொருள் விற்றுக்கொண்டிருந்தார். பிறகு ஆனா அவருக்குத் தட்டை அனுப்பிவைத்தார். கோபேன் அதைப் பற்றி எழுதினார். 1993இல் அக்குழுவின் ஆல்பங்கள் மறுவெளியீடு கண்டன. இந்தக் கதையை இசையுலகம் ‘கோபேன் கண்டெடுத்த குழு’ என்றே சொல்லிவருகிறது. வழி வரைந்த பெண் கதையில் ஓரத்துக்குப் போய்விடுகிறார். தொலைந்தேபோகாத ஒருத்தியைக் கண்டெடுத்ததாகச் சொல்வது ஆண்களின் பழைய பழக்கம். ஆனால் கோபேனுக்கு ஒன்றை வரவில் வைக்க வேண்டும். கையில் கிடைத்த அரிய பொருளை அவர் பொத்திவைக்கவில்லை. எல்லாருக்கும் கிடைக்க வழிசெய்தார். சேகரிப்பாளர் செய்வது இதன் மறுபக்கம்.

நான் சொல்ல வருவது இதைத்தான். பெண்ணின் படைப்பு முதலில் கவனிக்கப்படாமல் அரிதாகிறது. பிறகு அந்த அரிதையே அலங்காரமாக்கி விலை வைக்கிறார்கள். கைமாறும் ஒவ்வொரு முறையும் விலை ஏறுகிறது. மறுவிற்பனையில் ஒரு காசுகூடப் பாடியவளுக்குப் போவதில்லை. புறக்கணிப்பிலிருந்து லாபம் எடுப்பவர், தன்னைப் புறக்கணிக்கப்பட்டவர்களின் காவலர் என்றும் சொல்லிக்கொள்கிறார்.

ஒரே படியாக இருப்பது ஒரு பிரதிக்குப் பெருமை என்று என் படிப்பு எனக்குச் சொல்லவில்லை. சுவடி படித்தவர்களுக்குத் தெரியும், ஒற்றைப் படி என்பது கரையானுக்கு மிக அருகில் இருக்கும் படி. இந்தத் தர்க்கத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். வூ-டாங் கிளான் குழுவின் ஓர் ஆல்பம் ஒரே ஒரு படியாகச் செய்யப்பட்டு, 2015இல் 20 லட்சம் டாலருக்கு ஒரு மருந்து வணிகருக்கு விற்கப்பட்டது. 88 ஆண்டுகளுக்கு வணிகரீதியில் வெளியிடக் கூடாது என்பது ஒப்பந்தம். அது சிறு லேபிள் அல்ல. ஆனால் ‘300இல் 47’ என்பதைச் சுருக்கிக்கொண்டே போனால் வந்து நிற்கும் இடம் அதுதான்.

வேறு வழி இருக்கிறது, அதைப் பெண்களே செய்து காட்டியிருக்கிறார்கள். ரெயின்கோட்ஸ் 2009இல் தங்கள் முதல் ஆல்பத்தைத் தங்கள் சொந்த லேபிளான ‘வீ த்ரீ’யில் மீண்டும் கொண்டுவந்தார்கள். பிகினி கில் குழு 1991இல் தானே வெளியிட்ட ஒலிநாடாவை 2015இல் தன் லேபிளில் தட்டாக்கியது. உரிமை பாடியவளிடம் இருந்தால், மறுபடி அழுத்தலாமா என்பதையும் அவளே முடிவுசெய்வாள். ஆகவே சுயாதீன லேபிள் நடத்தும் நண்பர்களிடம் கேட்கிறேன்: 300தான் முடியுமென்றால் 300 போடுங்கள், எண் எழுதாதீர்கள். தீர்ந்தால் மீண்டும் அழுத்தும் உரிமையைப் பாடியவளிடம் விடுங்கள். தட்டு வாங்க முடியாதவள் கேட்க, அதே பாடல்களை இணையத்தில் திறந்துவையுங்கள். செலவுக் கணக்கை உறையில் அச்சிடுங்கள். 1978இல் முடிந்தது இன்றும் முடியும்.

தோழிகளே, யாராவது தன் அலமாரியிலிருந்து பிரிக்காத தட்டொன்றை எடுத்து உங்கள் முன் நீட்டினால், வியக்க வேண்டாம். போட்டுக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கீறல் விழட்டும்.