வகுப்பில் குறுக்கே பேசுகிறவரை என்ன செய்வது?

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுவில் ஒரு விஷயம் விவாதத்துக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பெரியவர்களுக்காக நாம் நடத்தி வரும் தமிழ் வகுப்பில் ஒருவர் ஓயாமல் இடைஞ்சல் செய்கிறார், அவரை என்ன செய்வது என்பதுதான் அது. ஒரு அன்பர், "கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பி விடுங்கள்" என்றார். இன்னொரு மூத்த உறுப்பினர், "ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்குக் கை கொடுக்கிற மனிதர், பொறுத்துத்தான் போக வேண்டும்" என்றார். வகுப்பை எடுக்கிறவன் என்ற முறையில் இரண்டையும் நான் ஏற்கவில்லை. கூட்டத்தில் நேரம் போதவில்லை. எழுதிக் கொடுங்கள் என்று நம் ஆசிரியர் கேட்டதால் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரிடமும் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். "பெயர் மட்டும் வேண்டாம் சார்" என்றார். அவ்வளவுதான்.

நம் வகுப்பு எப்படிப்பட்டது என்பது இங்கே குடியேறிய எல்லோருக்கும் தெரியும். இதே செகந்திராபாத்தில் பிறந்து, பள்ளியில் தெலுங்கும் ஹிந்தியும் ஆங்கிலமும் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசி வளர்ந்தவர்கள். வாய் நிறையத் தமிழ் இருக்கும். ஊருக்குப் போய் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பஸ் போர்டைப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் நிற்கிற பையனைக் கேட்க வேண்டும். கூடவே தமிழ் வீட்டுக்கு மருமகளாக வந்த தெலுங்குப் பெண்கள் இரண்டு மூன்று பேர். இந்த முறை மொத்தம் 14 பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருவர்தான் நம் ஆள். வயது ஐம்பதுக்கு மேல். சொந்தமாகத் தொழில் செய்கிறவர்.

முதல் வாரமே ஆரம்பித்து விட்டார். "தெலுங்கில் க, க்க மாதிரி நாலு எழுத்து இருக்கிறது. தமிழில் ஒரே க. அதை வைத்துக்கொண்டு கங்கையையும் காகத்தையும் எப்படி சார் எழுதுவது?" நல்ல கேள்வி, பதில் சொன்னேன். சொல்லுக்கு முதலில் வந்தால் வல்லோசை, மெல்லெழுத்துக்குப் பின்னால் வந்தால் ஒலி மாறும், இடத்தை வைத்துத் தெரிந்து கொள்ளலாம் என்றேன். பாதியிலேயே அடுத்த கேள்வி. எதற்கு மூன்று ந? எதற்கு இரண்டு ர? மற்றவர்களைக் கேட்டால் இவர் பதில் சொல்வார். போனை எடுத்து அங்கேயே பேசுவார். ஒன்றரை மணி நேர வகுப்பில் இவருக்கே அரை மணி போய்விடும்.

நான் முதலில் செய்தது தவறு. நாலாவது வாரம் பொறுக்க முடியாமல், எல்லோர் எதிரிலும், "அப்படியானால் நீங்களே வந்து பாடம் எடுங்களேன்" என்று சொல்லிவிட்டேன். மனிதர் எழுந்து வந்து மார்க்கரை வாங்கிக் கொண்டு இருபது நிமிஷம் பேசினார்! எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பழைய ஞாபகம் வந்தது. நானும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட மாணவன்தான்.

வாசகர்களில் மத்திய அரசு வேலையில் இருந்தவர்களுக்கு ஹிந்தி போதனைத் திட்டம் தெரிந்திருக்கும். பிரபோத், பிரவீண், பிராக்ய என்று அப்போது மூன்று படி. தாய்மொழி தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்றால் பிரபோதிலிருந்து தொடங்க வேண்டும். 1976ஆம் வருஷத்து ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் என்று எழுதப்பட்டவை. சென்னையில் வேலை பார்த்திருந்தால் அந்த விதிகள் என்னிடம் வந்திருக்காது. ரயிலேறி செகந்திராபாத் வந்ததால் வந்தது. 1965 போராட்டத்தின்போது எனக்கு எட்டு வயது. எங்கள் தெருவில் நடந்த ஊர்வலத்தைத் திண்ணையிலிருந்து பார்த்தவன். அந்த நினைப்போடு 1980களில் ஹிந்தி வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

"ஐயா, மேஜை ஏன் பெண்பால்? கதவு ஏன் ஆண்பால்? எஞ்சின் ஆண், அது இழுத்துப் போகிற ரயில்காடி பெண், இது என்ன கணக்கு?" என்று வாரா வாரம் கேட்பேன். வகுப்பே சிரிக்கும். எனக்குப் பெருமையாக இருக்கும். அதெல்லாம் கொள்கை என்றுதான் அப்போது நினைத்துக் கொண்டிருந்தேன். உண்மை வேறு. என் கீழ் வேலை பார்த்த குமாஸ்தா ஹைதராபாத்துக்காரர், தக்கினி பேசியே வளர்ந்தவர். அவர் எழுந்து மளமளவென்று வாசிப்பார். தண்டவாளத்தில் ஒரு அங்குலம் பிசகினால் பத்துப் பேரைக் கேள்வி கேட்கிற நான், குழந்தை மாதிரி எழுத்துக் கூட்ட வேண்டும். அந்த வெட்கத்தை மறைக்கத்தான் அத்தனை கேள்வியும்.

அந்த ஆசிரியர் வயதானவர். ஒரு நாளும் என்னைக் கடிந்து கொண்டதில்லை. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் டீ சாப்பிட அழைத்துப் போனார். "உங்கள் மொழியில் இதற்கெல்லாம் என்ன ஏற்பாடு?" என்று கேட்டார். உயர்திணை, அஃறிணை என்று சொன்னேன். மனிதர்களுக்கு மட்டும்தான் ஆண், பெண்; மேஜைக்கும் எஞ்சினுக்கும் கிடையாது என்றேன். கவனமாகக் கேட்டுக் கொண்டார். "அடுத்த வாரம் ஐந்து நிமிஷம் இதை வகுப்பில் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம்தான். மீதி நேரம் மற்றவர்களுடையது" என்றார். சொன்னேன். அதற்குப் பிறகு என் வாய் அடங்கி விட்டது. பிரபோத் தேறினேன். மேலே படித்ததையும், அதற்கு ஓராண்டு வந்த தனிச் சம்பளத்தையும் பற்றி இப்போது வேண்டாம்.

அந்த ஐந்து நிமிஷம் எனக்குத் தெரிந்திருந்தும், என் வகுப்பில் அதைச் செய்யாமல் ஒன்பது வாரம் கடத்தினேன் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம்.

செயற்குழுவில் "விதி போட்டு விடலாம், வகுப்பில் கேள்வியே கூடாது" என்றும் ஒரு யோசனை வந்தது. அந்த அன்பர் நம் பழைய ஆந்திரப் பிரதேசத்தில், நெல்லூர் மாவட்டத்தில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கி, கிராமங்களில் பெண்களுக்கு இரவு வகுப்பு நடந்தது. தெலுங்குப் பாடப் புத்தகத்தில் சீத்தம்மா என்ற பெண்ணின் கதை ஒரு பாடம். அந்தப் பெண் ஊரில் உள்ள சாராயக் கடையை மூட வைக்கிறாள். தூபகுண்டா என்ற ஊரில் அந்தப் பாடத்தைக் கேட்ட பெண்கள், நம் ஊரிலும் செய்தால் என்ன என்று பேச ஆரம்பித்தார்கள். கடையை மூட வைத்தார்கள். ரோசம்மா என்ற பெயர் அப்போது பத்திரிகைகளில் வந்தது சிலருக்கு நினைவிருக்கும். ஊர் ஊராகப் பரவி, 1993 அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995இல் என்.டி.ராமராவ் பூரண மதுவிலக்கே கொண்டு வந்தார். 1997இல் அது தளர்த்தப்பட்டது வேறு கதை.

அங்கே வகுப்பைக் கெடுத்தவர்களும் இருந்தார்கள். குடித்துவிட்டு வந்து ரகளை செய்த ஆண்கள். பாடத்தை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்ட பெண்களும் இருந்தார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் சத்தம்தான். பாடம் சொல்லித் தந்த தொண்டர், "அம்மா, முதலில் எழுத்தைப் படியுங்கள், ஊர்க் கதை அப்புறம்" என்று அந்தப் பெண்களை அடக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தமிழ்நாட்டில் புதுக்கோட்டையில் அதே சமயம் நடந்த அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொண்டார்கள். அ, ஆ மட்டும்தான் பாடம் என்று யாராவது கோடு போட்டிருந்தால் அதுவும் நடந்திருக்காது. பெரியவர்கள் வகுப்புக்கு வரும்போது ஏதோ ஒரு தேவையோடு வருகிறார்கள். குழந்தைகளைப் போல அப்பா அம்மா அனுப்பி வருவதில்லை.

நம் ஆளின் தேவை என்ன என்று எனக்குத் தெரியவில்லை. பத்தாவது வாரம்தான் கேட்டேன். வகுப்பு முடிந்து பக்கத்து இரானி ஹோட்டலுக்குக் கூட்டிப் போனேன். இரண்டு டீ, ஒரு தட்டு உஸ்மானியா பிஸ்கட். முதலில் கொஞ்ச நேரம் கிரிக்கெட் பேசினார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த ஜெராக்ஸ் காகிதத்தை எடுத்து வைத்தார். அப்பா இறந்தபின் வட ஆற்காடு பக்கம் ஊருக்குப் போனபோது, சொந்தக்காரர்கள் பட்டா மாற்றத்துக்கு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தெலுங்கில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தலைப்பைப் படித்தேன். விடுதலைப் பத்திரம். தன் பாகத்தை விட்டுக் கொடுத்து எழுதியது. "அந்த வார்த்தையை யாராவது வாயால் சொல்லியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும் சார். எழுதியிருந்தது, படிக்கத் தெரியவில்லை" என்றார்.

இதை மனதில் வைத்துக் கொண்டு வருகிற மனிதருக்கு நான் பத்து வாரமாக அம்மா, ஆடு, இலை சொல்லிக் கொண்டிருந்தேன்.

டீ ஆறுவதற்குள் ஒரு ஒப்பந்தம் செய்து கொண்டோம். வகுப்பில் அவருக்கு இரண்டு கேள்வி. மற்றதை எழுதி வைத்து முடிவில் கேட்க வேண்டும். போன் வெளியே. அடுத்தவர் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. பதிலுக்கு வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் பத்திரம் படிப்போம். ரயில்வேயில் பாதை சரியில்லை என்றால் உடனே வண்டிகளை நிறுத்திவிட மாட்டோம். காஷன் ஆர்டர் கொடுத்து அந்த இடத்தில் மெதுவாகப் போகச் சொல்வோம். அது போலத்தான்.

அந்த அரை மணிக்கு இப்போது ஏழு பேர் உட்காருகிறார்கள்! ஊரில் துண்டு நிலமோ பாதி வீடோ இல்லாத குடும்பம் நம்மில் எது? நஞ்சை, புஞ்சை, செக்குபந்தி, வில்லங்கம் என்று ஒவ்வொரு வார்த்தையாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். ஆடு, இலையைவிட வேகமாகவே எழுத்து பிடிபடுகிறது. அவருடைய பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா என்பது வக்கீல் பார்க்க வேண்டிய விஷயம். அவர் இப்போது அதைத் தானே கடைசி வரை படித்து விட்டார்.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். ஒப்பந்தத்துக்குப் பிறகும் ஒரு முறை அவர் மீறினார். ஒருவர் ல, ள தடுமாறியதைப் பார்த்து உரக்கச் சிரித்தார். அன்று வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த வாரம் நீங்கள் வர வேண்டாம், அதற்கடுத்த வாரம் வாருங்கள்" என்றேன். நன்கொடை கொடுக்கிறவர் என்று யோசிக்கவில்லை. முகம் சுருங்கினார், போனார், சொன்னபடி அதற்கடுத்த வாரம் வந்தார்.

இந்த ஒரு வார்த்தையை நான் ஆறாவது வாரமே சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரம் ஒரு தெலுங்கு மருமகள் "வாழைப்பழம்" என்று வாசிக்க முயன்றார். ழ வரவில்லை. இவர் சிரித்தார், இன்னும் இரண்டு பேர் சேர்ந்து கொண்டார்கள். பழைய தெலுங்குக் கல்வெட்டுகளில் அந்த ஒலிக்குத் தனி எழுத்தே இருந்தது, பிறகு வழக்கொழிந்தது, தமிழ்நாட்டிலேயே பாதிப் பேர் வாளப்பளம்தான் சாப்பிடுகிறார்கள் என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய மனிதரைப் பகைத்துக் கொள்ள வேண்டாமென்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பெண் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அவர் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. மாமியாரோடு சேர்ந்து வாரப் பத்திரிகை படிக்க வேண்டும் என்று சேரும்போது சொன்னார். சத்தம் போடுகிறவரைப் பற்றிச் செயற்குழுவில் ஒரு மணி நேரம் பேசினோம். இந்தப் பெண்ணின் பெயரை யாருமே எடுக்கவில்லை, நானும்தான்.

ஆகவே செயற்குழுவுக்கு என் கோரிக்கை இரண்டே. பொங்கலுக்குப் பிறகு தொடங்கும் புது வகுப்பில், சேருகிற ஒவ்வொருவரிடமும் எதைப் படிக்க வேண்டுமென்று வந்தீர்கள் என்று விண்ணப்பத்திலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து வராதவருக்கு யாராவது போன் செய்ய வேண்டும். பணம் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

அந்தப் பெண்ணின் நோட்டுப் புத்தகம் அன்று பெஞ்சிலேயே இருந்துவிட்டது. என் பையில்தான் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போவதாக நானும் என் மனைவியும் சொல்லியிருக்கிறோம். நம் ஆளும் வருகிறேன் என்றார். முதலில் நாங்கள் போய் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன்.