வாசல் எத்தனை?

போடியிலிருந்து மேற்கே மலை ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவு. அதைத் தாண்டினால் போடிமெட்டு. அப்புறம் பூப்பாறை, மூணாறு. மலையை விட்டு அந்தப் பக்கம் இறங்கினால் கொச்சி.

அந்தக் கொச்சியில், களமசேரி என்ற இடத்தில் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2023-ம் ஆண்டு நவம்பர் 25-ந்தேதி, சனிக்கிழமை. மாணவர்கள் விழா. வளாகத்துக்குள்ளேயே இருக்கும் திறந்தவெளி அரங்கில் மாலையில் பாட்டுக் கச்சேரி.

கச்சேரி தொடங்கும் நேரத்தில் மழை வந்துவிட்டது. வெளியே நின்ற கூட்டம் உள்ளே பாய்ந்தது. வாசலைத் தாண்டியதும் கீழே இறங்கும் படிக்கட்டு. முன்னால் போனவர்கள் தடுக்கி விழுந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் விழுந்தார்கள்.

4 பேர் பலி. அதில் 3 பேர் அங்கே படித்த மாணவ, மாணவிகள். ஏராளமானோர் காயம்.

கலவரம் இல்லை. தீ விபத்து இல்லை. ஒரு மழை, ஒரு வாசல், சில படிகள். பாட்டுக் கேட்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததை இங்கே ஏன் சொல்ல வேண்டும்? காரணம் இருக்கிறது.

போடி இன்று கல்லூரிகள் உள்ள ஊர். ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் பெயரைத் தாங்கிய கலைக் கல்லூரி நெடுங்காலமாக நடக்கிறது. 2012-ல் அரசு பொறியியல் கல்லூரியும் வந்துவிட்டது. இது அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. பல ஊர்ப் பிள்ளைகள் இங்கே வந்து படிக்கிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி போடியில் 75 ஆயிரத்துக்கு மேல் ஜனங்கள். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்றுபோன ரெயில், 2023 ஜூன் 15 முதல் போடிக்கே வருகிறது. சென்னையிலிருந்தும் நேராக வருகிறது. வெளியூர் விளையாட்டுக் குழுவோ, கச்சேரிக் குழுவோ வந்து இறங்க இனி சிரமம் இல்லை.

வந்து இறங்கினால் எங்கே ஆடுவார்கள்? எங்கே பாடுவார்கள்?

இந்த ஊருக்குக் கூரை போட்ட ஒரு பெரிய அரங்கம் வேண்டும். காலையில் விளையாட்டு, விசேஷ நாளில் கச்சேரி என்று இரண்டுக்கும் உதவுகிற அரங்கம். அது கல்லூரி வளாகத்தில் இருப்பதே நல்லது.

கூரை எதற்கு என்று கேட்பவர்கள் ஆடி மாதம் இங்கே வந்து பார்க்க வேண்டும். கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலையைச் சுற்றவைக்கும். அதே காற்றில் பாட்மிண்டன் பந்து எதிராளியிடம் போகாது, அடுத்த தெருவுக்குப் போகும். ஐப்பசி வந்தால் மழை. மைதானம் சேறு. பந்தல் போட்டுக் கச்சேரி வைத்தால் பாதியில் பந்தலும் இருக்காது, கூட்டமும் இருக்காது.

விளையாட்டில் இந்த மாவட்டம் யாருக்கும் சளைத்ததல்ல. பக்கத்துப் பெரியகுளத்தில் கோடையில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. பெரிய பெரிய அணிகள் எல்லாம் வந்து ஆடுகின்றன. விளக்கு வெளிச்சத்தில் ராத்திரி ஆட்டம் பார்க்க ஜனங்கள் திரண்டு வருகிறார்கள்.

பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 2025 மார்ச் 8-ந்தேதி லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு அவருக்குச் சென்னையில் விழா எடுத்தது. விழா நடந்த இடம் நேரு உள்விளையாட்டரங்கம். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்ததும் அதே இடம்தான். ஒரே கூரைக்குக் கீழ் விளையாட்டும் பாட்டும் சேர்ந்து நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பண்ணைப்புரத்து மனிதரின் பாட்டை லண்டன்காரன் உட்கார்ந்து கேட்டுவிட்டான். போடிக்காரன் உட்கார்ந்து கேட்க ஓர் இடம் வேண்டாமா?

கல்லூரி வளாகத்தில் ஊருக்கும் இடம் கொடுப்பது புதிதல்ல. சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. ஹாரி பக் என்ற அமெரிக்கர் 1920-ல் தொடங்கிய கல்லூரி. அந்த மைதானத்தில்தான் புத்தகக் கண்காட்சி நடக்கிறது. 2025 பிப்ரவரியில் எட் ஷீரன் என்ற இங்கிலாந்துப் பாடகர் பாடியதும் அங்கேதான்.

அமெரிக்காவில் ஸ்டேட் காலேஜ் என்று ஒரு சிற்றூர். ஊர் ஜனத்தொகை 40 ஆயிரம்தான். போடியை விடச் சின்ன ஊர். அங்கே பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 1996-ல் ஓர் அரங்கத்தைத் திறந்தது. சுமார் 15 ஆயிரம் பேர் உட்காரலாம். ஒருநாள் கூடைப்பந்து, இன்னொரு நாள் கச்சேரி, வேறொரு நாள் பட்டமளிப்பு விழா என்று நடக்கிறது.

போடிக்கு 15 ஆயிரம் வேண்டாம். 3 ஆயிரம் பேர் உட்கார்ந்தால் போதும். கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதே தரையில் கோடு மாற்றிப் போட்டால் வாலிபால். விரிப்பைப் போட்டால் கபடி. கச்சேரி அன்று பலகை பரப்பி நாற்காலி போடலாம். தகரக் கூரையில் சத்தம் எதிரொலிக்காமல் இருக்க, உள்பக்கம் சத்தத்தை உறிஞ்சும் பலகை அடிக்க வேண்டும். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை.

ஆனால், கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வாசல் எத்தனை?

1971 ஜனவரி 2-ந்தேதி ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து இப்ராக்ஸ் மைதானத்தில் கால்பந்து ஆட்டம் முடிந்து ஜனங்கள் கிளம்பினார்கள். படிக்கட்டில் நெரிசல். 66 பேர் பலி. அதற்குப் பிறகு 1973-ல் பிரிட்டனில் ஸ்டேடியங்களுக்கென்று ஒரு வழிகாட்டி நூல் போட்டார்கள். அதன் கணக்கு ரொம்பச் சுலபம். சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிஷத்துக்கு 82 பேர் வெளியேறலாம். படிக்கட்டு என்றால் 66 பேர். எல்லாரும் 8 நிமிஷத்துக்குள் வெளியே வந்தாக வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடிக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 ஆயிரம் பேர். 2 மீட்டர் அகலத்தில் ஒரே வாசல். நிமிஷத்துக்கு 164 பேர் வீதம் எல்லாரும் வெளியே வர 18 நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதே அகலத்தில் 6 வாசல் இருந்தால்? 3 நிமிஷம்தான்.

18 நிமிஷத்துக்கும் 3 நிமிஷத்துக்கும் நடுவில் இருப்பது உயிர்.

வாசல் இருந்தால் மட்டும் போதாது, அது திறந்திருக்க வேண்டும். 'டிக்கெட் இல்லாதவன் நுழைஞ்சிடுவான்' என்று பூட்டிவைத்த கதவு, கதவே அல்ல. அது சுவர். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். வாசலை ஒட்டிப் படிக்கட்டு வைக்கக் கூடாது. மழை வந்தால் வெளியே நிற்பவர்கள் ஒதுங்கத் தாழ்வாரம் இருக்க வேண்டும். களமசேரியில் ஜனங்களை விரட்டியது மழைதான்.

உள்ளே போகும் வழியும் முக்கியம். 2025 ஜூன் 4-ந்தேதி பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் 11 பேர் செத்தார்கள். உள்ளே அல்ல, வாசலுக்கு வெளியே. எத்தனை பேருக்கு இடம் உண்டோ அத்தனை பேருக்குத்தான் அனுமதி என்பதை முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். வாசலில் வந்து நின்ற பிறகு சொன்னால் எந்தக் கூட்டமும் கேட்காது.

இன்னொரு சங்கதி, சாவி. அரங்கத்தின் சாவி யார் கையில் இருக்கும்?

திறப்பு விழா அன்று ரிப்பன் வெட்டுவார்கள். போட்டோ எடுப்பார்கள். அதோடு பூட்டுத் தொங்கினால் அந்தக் கட்டடத்தால் யாருக்கு லாபம்? வெளவால் குடியிருக்கத்தான் உதவும். காலையில் மாணவர்கள். மாலையில் ஊர்ப் பிள்ளைகள். பரீட்சை நாளில் கச்சேரி கிடையாது. கச்சேரி வாடகை கரண்டு பில்லுக்கும் பராமரிப்புக்கும். இப்படி ஒரு அட்டவணை எழுதி, ஊர் பார்க்கும்படி சுவரில் ஒட்ட வேண்டும்.

மாணவிகளுக்கும் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கும் தனி நேரம் ஒதுக்க வேண்டும். விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் தாய், பொழுது சாயும்போதுதான் மலை இறங்குகிறாள். அதுவரை அவள் மகள் பத்திரமாக ஓடியாட ஓர் இடம் இருந்தால், அந்தத் தாய்க்கு எவ்வளவு நிம்மதி!

'முதல்ல கட்டடம் வரட்டும், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்' என்று சொல்பவர்கள் இருப்பார்கள். கட்டிய சுவரில் அப்புறம் வாசல் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வீடு கட்டிய எல்லாருக்கும் தெரியும். வரைபடத்தில் வாசல் வைக்க ஒரு பென்சில் போதும்.

அரசும், பல்கலைக்கழகமும், நகராட்சியும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். போடிக்கு அரங்கம் வர வேண்டும். சீக்கிரம் வர வேண்டும். ஆனால் அடிக்கல் நாட்டும் முன், வரைபடத்தை விரித்து வைத்து வாசல்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

ஆடவும் பாட்டுக் கேட்கவும் போகிற பிள்ளைகள், போனபடியே வீடு திரும்ப வேண்டும்!