தூக்குவது வேறு, தாங்குவது வேறு

அமெரிக்காவிலிருந்து என் மருமான் ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். க்ஷேம லாபங்களுக்கு இரண்டே வரி. பாக்கியெல்லாம் அவன் புதிதாக வாங்கியிருக்கும் பழைய மோட்டார் வண்டியைப் பற்றியது.

"மாமா! வண்டியின் பெயர் மாஸ்டா மியாட்டா. இரண்டு பேர்தான் உட்காரலாம். தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவே 5 அங்குலந்தான் இடைவெளி. எண்ணெய் மாற்றுவது, பிரேக் பார்ப்பது எல்லாவற்றையும் நானே செய்துகொள்ள ஆசை. சாய்மேடை வாங்குவதா, லிப்ட் வாங்குவதா? உங்கள் அபிப்பிராயம் தெரிய வேண்டும்."

மியாட்டாவை ஜப்பானிய மாஸ்டா கம்பெனியார் 1989-ம் வருஷத்துச் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். பார்வைக்கு அழகான வண்டிதான். ஆனால் தாழ்ந்த வண்டிகளுக்கெல்லாம் உள்ள சங்கடம் அதற்கும் உண்டு. அடியில் மனிதன் நுழைய வேண்டுமானால் வண்டி எழும்ப வேண்டும். எழுப்புவதற்கான கருவியோ அடியிலேயே நுழைய மாட்டேன் என்கிறது! இது பலருக்கும் உள்ள தொல்லையாகையால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பழைய கதை. மருமானுக்கு இது தெரியாது. அவன் தாயாருக்குத் தெரியும்.

என் அத்திம்பேரிடம் ஓர் அம்பாஸடர் கார் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைலென்ஸர் சத்தம் போடுகிறதென்று, கொல்லைப்புறத்தில் மண் தரையில் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் படுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக் கொண்டிருந்தேன். "காபி ஆறிப் போகிறது!" என்று என் தமக்கை இரண்டு தடவை கூப்பிட்டாள். அத்திம்பேர் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்து, டம்ளரைக் கையில் வாங்கினார். அந்த க்ஷணத்தில் ஜாக்கி மண்ணில் ஒரு பக்கமாகப் புதைந்து சாய்ந்தது. வண்டி 'தொபுக்'கென்று இறங்கிற்று. ஒருவரும் பேசவில்லை. அத்திம்பேர் காபியைக் குடிக்கவும் இல்லை.

அன்று நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான். தூக்குவது வேறு; தாங்குவது வேறு. நீர்ம ஜாக்கி எண்ணெயின் அழுத்தத்தினால் வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் சிறு ரப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் கசிந்தால், தூக்கியது தானாகவே இறங்கிவிடும். எனவே ஜாக்கி வண்டியைத் தூக்கலாம். தூக்கியபின் தாங்க வேண்டியது வேறொன்று. சாய்மேடையோ லிப்டோ எதை வாங்குவதானாலும், "இது எவ்வளவு உயரம் தூக்கும்?" என்று கேட்பதற்கு முன்னால், "தூக்கியபின் எது தாங்கும்?" என்று கேட்க வேண்டும்.

இனி சாய்மேடை. இதில் தாங்குவது இரும்பு அல்லது கெட்டிப் பிளாஸ்டிக். கசிவதற்கு ஒன்றுமில்லை, அது பெரிய சௌகரியம். ஆனால் தாழ்ந்த வண்டியின் மூக்கு முதலில் மேடையில் இடிக்கும். இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து மூக்கின் விளிம்பு 24 அங்குலம் முன்னால், 5 அங்குல உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று. கடையில் கிடைக்கும் குட்டையான மேடைகள் நாலுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று ஏறுகின்றன. அவற்றில் பம்பர் உடையும். ஆறுக்கு ஒன்று, அதைவிடச் சாய்வு குறைந்திருந்தால் இன்னும் நல்லது. 10 அங்குலம் ஏற வேண்டுமானால் 60 அங்குல நீளமாவது வேண்டும். ஆகையால் டேப் எடுத்துத் தன் வண்டியை அளந்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

மேடையில் வேறு குறைகளும் உண்டு. வழுவழுப்பான தரையில் அது வழுக்கி ஓடும். அடியில் ரப்பர் விரிப்பு வேண்டும். சக்கரம் மேடைமேல் உட்கார்ந்திருப்பதால் அதைக் கழற்ற முடியாது. அதாவது எண்ணெய் மாற்றலாம். பிரேக் வேலை செய்ய முடியாது. வண்டி சாய்ந்து நிற்பதால் கியர் பெட்டியின் எண்ணெய் மட்டத்தையும் சரியாகப் பார்க்க இயலாது.

லிப்டில் பல ஜாதி. இரண்டு தூண் லிப்டுக்கு 11, 12 அடி உயரமுள்ள கூரையும், குறைந்தது 4 அங்குலக் கனமுள்ள நல்ல கான்கிரீட் தளமும் வேண்டும். மருமானின் கொட்டகைக்கு உயரம் 8 அடி! நாலு தூண் லிப்டில் வண்டியை ஓட்டி ஏற்றலாம். ஆனால் அதற்கும் கூரை வேண்டும். சக்கரம் கழற்ற மறுபடியும் ஒரு ஜாக்கி வேண்டும். சிறிய கொட்டகைக்கு ஏற்றது, இரண்டு பக்கமும் தரையோடு தரையாகக் கிடந்து எழும்பும் சட்ட லிப்ட். மடங்கிக் கிடக்கும்போது சுமார் 3 அங்குலம். எழும்பினால் ஒன்றரை அடிக்கு மேல். எழும்பிய பின் இரும்புப் பூட்டு விழுந்து தாங்குகிறது. பூட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். விலைதான் அதிகம்.

ஆகவே, மருமானே, என் யோசனை இதுதான். முதலில் தாழ்ந்த சக்கர ஜாக்கி ஒன்றும், நல்ல ஸ்டாண்டுகள் நாலும் வாங்கிக்கொள். ஜாக்கி நுழையாவிட்டால் ஒன்றரை அங்குலப் பலகைகளின் மேல் சக்கரங்களை ஏற்றிக்கொள், இடம் கிடைத்துவிடும். கம்பெனியார் குறித்திருக்கும் இடத்தில் மட்டும் ஜாக்கி வை. பின் சக்கரங்களைத் தூக்கினால் ஹாண்ட் பிரேக் பிரயோஜனப்படாது, அது பிடிப்பது அந்தச் சக்கரங்களையேதான். ஆகையால் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை வை. செங்கல்லையும் சிமெண்டுக் கல்லையும் தொடாதே. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். ஸ்டாண்டிலும் கண்மூடி நம்பிக்கை வேண்டாம். 2020-ல் உன் அமெரிக்காவிலேயே, பல் நழுவக்கூடும் என்று லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஸ்டாண்டின் மேல் இறக்கியபின் வண்டியைக் கையால் அசைத்துப் பார். கழற்றிய சக்கரத்தை ஓரச் சட்டத்தின் அடியில் படுக்கவை. எல்லாம் தவறினாலும் அது உன் மார்புக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண் இடம் வைக்கும்.

இரண்டு வருஷம் இப்படிச் செய்த பிறகும் ஆசை குறையாவிட்டால், சட்ட லிப்ட் வாங்கு. எண்ணெய் மாற்றுவதோடு திருப்தியடைந்துவிட்டால், நீளச் சாய்மேடையே போதும்.

இன்னொன்று. வீட்டில் ஒருவரும் இல்லாத வேளையில் வண்டிக்கு அடியில் போகாதே. உன் தகப்பனாரைக் காபி காப்பாற்றியது. ஆனால் காபி எப்போதும் சரியான சமயத்திற்கு வந்துகொண்டிருக்காது.